பாசி பிடிக்காத செங்கல்

பிப்ரவரி 9

பெட்டியின் சொந்தக்காரர் அம்மாவுக்கு,

பம்ப் ரூமின் பின்சுவர் முழுக்கப் பாசி. அதில் ஒரே ஒரு செங்கலில் மட்டும் பாசி இல்லை. நான் முதலில் பார்த்தது அதைத்தான்.

நான் இந்தப் பூங்காவில் வேலை செய்கிறேன். களை எடுப்பது, சருகு கூட்டுவது, ஹோஸ் பிடிப்பது. அன்றைக்கு அந்தச் சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தேன். செங்கலைத் தொட்டதும் ஆடியது. இழுத்தேன், கையோடு வந்துவிட்டது. பாதிச் செங்கல்தான். அதன் பின்னால் ரப்பர் பேண்டு போட்டு, பிளாஸ்டிக் கவரில் சுற்றிய ஜாமெட்ரி பாக்ஸ் ஒன்று இருந்தது. பள்ளிக்கூடத்தில் நான் வைத்திருந்த அதே மாதிரி. திறந்துவிட்டேன், மன்னிக்கவும். உள்ளே ஒரு குட்டி நோட்டு, சின்ன ஸ்டாம்ப் பேடு, குடை படம் செதுக்கிய ஒரு ரப்பர். மூடியின் உட்பக்கம் ஒட்டியிருந்த சீட்டில், “எடுத்தவர் இருந்த இடத்திலேயே வைக்கவும். ஏதாவது சொல்ல வேண்டுமானால் எழுதவும்” என்று உங்கள் பெயரும் இந்த விலாசமும் இருந்தன.

இங்கே கேட்பாரில்லாமல் கிடக்கும் எதையும் ஆபீசில் கொடுத்துவிட வேண்டும். “நாளைக்கு ஏதாவது வெடிச்சா உருளப்போறது என் தலைதான்” என்று மேஸ்திரி அடிக்கடி சொல்வார். நான் கொடுக்கவில்லை. திருப்பி வைக்கவும் பயமாக இருக்கிறது. செடிக்கொட்டகையில் என் சாக்குக்கு அடியில் வைத்திருக்கிறேன். என்ன செய்வது என்று எழுதுங்கள். கொட்டகையின் விலாசம் பின்னால் இருக்கிறது.

இப்படிக்கு,
பூங்காவில் வேலை செய்யும் பெண்

*

பிப்ரவரி 17

பூங்காவில் வேலை செய்யும் பெண்ணுக்கு,

உடனே திருப்பி வை. இந்தக் கடிதத்தை மேற்கொண்டு படிப்பதற்கு முன்னால் போய் வைத்துவிட்டு வா.

வைத்துவிட்டாயா? சரி. இனிப் படி.

அது வெடிக்காது. அது ஒரு விளையாட்டு. உலகத்தில் வேலையற்றவர்கள் சிலர் இதை விளையாடுகிறோம். பூங்காவில் ஒரு பெட்டியை ஒளித்து வைப்போம். அதில் ஒரு நோட்டும் நாங்களே செதுக்கிய முத்திரையும் இருக்கும். போகும் வழியைக் குறிப்பாக எழுதி ஒருவருக்குக் கொடுப்போம். அவர் தேடிக் கண்டுபிடித்து, தன் முத்திரையை நோட்டில் அடித்துவிட்டு, பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போவார். அவ்வளவுதான்.

உன் கடிதம் வந்து, இது உன் கைக்கு வருவதற்குள் பத்து நாளாவது ஆகியிருக்கும். அத்தனை நாளும் அந்த ஓட்டை காலியாக இருந்திருக்கிறது. யாராவது வந்து கை விட்டுப் பார்த்திருந்தால்? போகட்டும், உனக்குத் தெரியாது.

ரப்பர் பேண்டை மூன்று சுற்று சுற்ற வேண்டும். இரண்டு சுற்றினால் மூடி வாய் பிளக்கும், தண்ணீர் இறங்கும்.

என்னை அம்மா என்று எழுதாதே. அப்படிக் கூப்பிட வேண்டியவள் ஒருத்தி இருக்கிறாள்.

*

மார்ச் 2

வணக்கம்,

வைத்துவிட்டேன். மூன்று சுற்று. யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் சாப்பிடும் நேரத்தில் போனேன். நான் எப்போதும் தனியாகச் சாப்பிடுவதால் என்னைத் தேடமாட்டார்கள்.

விரல் பட்டுப் பட்டுத்தான் அந்தச் செங்கலில் பாசி போயிருக்கிறது. அது மட்டும் பளிச்சென்று இருந்தால் இன்னொருவர் கண்ணிலும் படும். அதனால் சுவரின் அடியிலிருந்து பாசியைச் சுரண்டி, புளித்த மோரில் கலந்து தடவியிருக்கிறேன். மூன்று வாரத்தில் பிடித்துக்கொள்ளும். மேஸ்திரி பார்த்துவிட்டார். “என்ன ஊமச்சி, செவுத்துக்கு மோர் ஊத்துற? எங்களுக்கெல்லாம் பச்சத்தண்ணிதானா?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாததால்தான் அந்தப் பெயரே.

இந்த வாரம் முழுக்க வேலை செய்யும்போது இதையே யோசித்தேன். இந்தப் பூங்காவில் இன்னொரு பெட்டி வைப்பதாக இருந்தால் மரப்பொந்தில் வைக்காதீர்கள். வருடத்துக்கு ஒருமுறை பொந்துகளை அடைத்துப் பூசுகிறோம். வேலிச்செடிக்குள் வேண்டாம், மாதாமாதம் கத்தரி விழும். பெஞ்சுக்கு அடியில் பந்து தேடும் பிள்ளைகள் கை விடுவார்கள். கல்லுக்கு அடியில் நாய் தோண்டும். சிலைக்குப் பின்னால் நல்ல இடம் மாதிரித் தெரியும், ஆனால் கழுவுகிற தண்ணீர் அங்கேதான் தேங்கும். உங்கள் இடம் நல்ல இடம். அங்கே யாருக்கும் வேலை இல்லை. எனக்கும் இல்லை. யாரும் இல்லாத இடமென்றுதான் நான் அங்கே போனேன்.

நோட்டின் முதல் பக்கத்தில் குடையும் குருவியும் அடித்த பழைய தாள் ஒன்றை ஒட்டியிருக்கிறீர்கள். அதற்கடுத்த பக்கங்களில் தேதி போட்டு, தேதிக்கு நேராக ‘இல்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். எண்ணினேன், இருபத்தொரு ‘இல்லை’. என்ன இல்லை என்று கேட்கலாமா?

அம்மா என்று எழுத வேண்டாம் என்றீர்கள். அக்கா என்று எழுதட்டுமா?

*

மார்ச் 11

தோட்டக்காரிக்கு,

அக்கா என்று எழுதி என் வயதைக் குறைக்காதே. பெட்டிக்காரர் என்று எழுது, போதும். சுவருக்கு மோர் கொடுத்தவளை நான் பார்த்ததில்லை. இதைப் படித்துவிட்டுச் சிரித்தேன். தம்பி மனைவி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

கேட்டுவிட்டாய், சொல்கிறேன். ரயில் நிலையத்தில் தொலைந்த பொருட்கள் அறை என்று ஒன்று உண்டு. அதில் இருபத்தாறு வருடம் உட்கார்ந்திருந்தவள் நான். வருகிறவர்களில் பாதிப்பேர் குடையைத்தான் தொலைத்திருப்பார்கள். அதனால் என் முத்திரை குடை. குருவி என் மகளுடையது. அப்பா இல்லாத பெண். ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் இரண்டு பேரும் பூங்கா பூங்காவாகப் போய்ப் பெட்டி ஒளித்து வைப்போம். இந்த ஜாமெட்ரி பாக்ஸும் அவளுடையதுதான். ரப்பர் பேண்டை எப்போதும் இரண்டு சுற்றோடு விட்டுவிடுவாள், சோம்பேறி. ஒரு மழைக்கு ஒரு நோட்டே கூழாகிப் போனது.

ஆறு வருடத்துக்கு முன்னால் ஒருவனோடு வாழப்போகிறேன் என்றாள். ஏற்கனவே கல்யாணமாகி அறுத்துக்கொண்டு வந்தவன். நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “இனிமே இந்தப் படி ஏறாத. நீ செத்துட்டேன்னு நெனச்சுக்கறேன்.” அவள் கத்தவில்லை. “சரிம்மா, அப்படியே நெனச்சுக்கோ” என்று பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். பிறகு பார்த்தால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு அந்தக் குருவியை மட்டும் எடுத்துப் போயிருந்தாள்.

நான் எழுதிய கடிதங்கள் திரும்பி வந்தன. மூன்று வருடம் முன்னால் யாரோ அவளை ஓர் ஆஸ்பத்திரி வரிசையில் பார்த்ததாகச் சொன்னார்கள், பாதியாக இளைத்து. அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. அப்போதுதான் இந்தப் பெட்டியை வைத்தேன். குறிப்பை எழுதி, தெரிந்த கடைசி விலாசத்துக்கு அனுப்பினேன். அது ஒன்றுதான் திரும்பி வராத கடிதம்.

அதில் எழுதியது இதுதான்: “தண்ணீர் வராத குழாய்க்கு முதுகைக் காட்டி, நீ தொப்பியைத் தொலைத்த பெஞ்சைத் தாண்டி நேராக நட. சுவர் வந்ததும் நில். ஒன்பது வயதில் உன் தோள் இருந்த உயரத்தில் தட்டிப் பார். என்னோடு பேச வேண்டாம், எழுதவும் வேண்டாம். குருவியை அடித்துவிட்டுப் போ. நீ உயிரோடு இருக்கிறாய் என்று தெரிந்தால் போதும்.”

இப்போது தெரிந்ததா, என்ன இல்லை என்று?

மாதாமாதம் முதல் ஞாயிறு நானே போய்ப் பார்ப்பேன். போன வருடம் விழுந்து இடுப்பு எலும்பு உடைந்தது. தம்பி இங்கே அழைத்து வந்துவிட்டான். பெட்டியில் ஒட்டிய பழைய விலாசத்துக்கு வருவதைத் தபால் ஆபீஸ் இங்கே திருப்பி அனுப்புகிறது. பத்து மணி நேர பஸ், இந்த இடுப்பு தாங்காது. எனக்காக நீ பார்ப்பாயா? பேடு காய்ந்திருந்தால் இரண்டு சொட்டு மை விடு.

*

ஏப்ரல் 6

பெட்டிக்காரருக்கு,

நேற்று முதல் ஞாயிறு. பார்த்தேன். இல்லை.

உங்கள் எழுத்துக்குக் கீழே தேதி போட்டு நானே எழுதினேன். தப்பென்றால் சொல்லுங்கள். இருபத்திரண்டு. பேடு காய்ந்துதான் இருக்கிறது. கையில் மை இல்லை, அடுத்த முறை ஊற்றிவிடுகிறேன்.

குழாயிலிருந்து நடந்து பார்த்தேன். நீங்கள் சொன்னபடி நேராகச் சுவரில்தான் போய் முட்டுகிறது. செங்கல் என் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே இருக்கிறது. உங்கள் மகள் ஒன்பது வயதில் குள்ளம் போல.

ஒரு விஷயம். மழைக்கு முன்னால் பம்ப் ரூம் சுவரைச் சிமெண்ட் பூசப்போவதாகப் பேசிக்கொள்கிறார்கள். எப்போது என்று தெரியவில்லை. பெட்டியை வேறு இடத்துக்கு மாற்றிவிடட்டுமா? சைக்கிள் நிறுத்துமிடத்துக்குப் பின்னால் பழைய மீட்டர் பெட்டி இருக்கிறது. பத்து வருடமாக யாரும் திறக்கவில்லை. இதைவிட நல்ல இடம்.

இப்படிக்கு,
தோட்டக்காரி

*

ஏப்ரல் 15

தோட்டக்காரிக்கு,

மாற்றாதே. எந்தக் காரணத்துக்கும் மாற்றாதே.

யார் கண்ணில் படக்கூடாது என்று நீ யோசிக்கிறாய். யார் கண்ணில் பட வேண்டும் என்று நான் யோசித்தேன். குறிப்பு அவள் கையில் இருக்கிறது. பெட்டியை மாற்றினால், பூட்டை மாற்றிவிட்டு அவளிடம் பழைய சாவியையே விட்டுவைத்தது போல ஆகும். அவள் வந்து தட்டிப் பார்த்து, ஒன்றும் இல்லையென்றால் என்ன நினைப்பாள்? அம்மா இதையும் மூடிவிட்டாள் என்றுதானே.

இருபத்திரண்டாவதை நீ எழுதியது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் எழுது. நோட்டில் வரிசை விட்டுப்போகக் கூடாது.

டாக்டர் தினமும் இருபது தப்படி நடக்கச் சொல்கிறார். நான் நடப்பதில்லை. “இப்படியே கெடந்தா படுத்த படுக்கையாயிடுவீங்க அக்கா” என்கிறாள் தம்பி மனைவி. ஆகட்டுமே. எழுந்து எங்கே போக வேண்டும்? இந்த அறையில் ஒரு ஜன்னல். அதற்கு வெளியே பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி. தட்டு வருகிறது, தட்டு போகிறது. பாதி நாள் தொடுவதில்லை.

முன்பெல்லாம் அந்த ‘இல்லை’யை நோட்டைப் பற்றித்தான் எழுதினேன். இப்போது படுத்துக்கொண்டு யோசிக்கும்போது, அது அவளைப் பற்றியதோ என்று படுகிறது. இருபத்திரண்டு முறை கேட்டு, இருபத்திரண்டு முறை பதில் வந்திருக்கிறது. எனக்குத்தான் விளங்கவில்லையோ என்னவோ.

*

மே 4

பெட்டிக்காரருக்கு,

நேற்றுப் பார்த்தேன். நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு குருவி இருக்கிறது. வேறு எதுவும் எழுதவில்லை.

தினமும் நடங்கள். சாப்பிடுங்கள்.

தோட்டக்காரி

*

மே 9

என் தோட்டக்காரிக்கு,

உன் கடிதத்தை நின்றுகொண்டு படித்தேன். நின்றுகொண்டு என்று எழுதியிருப்பதைக் கவனி.

தம்பியைக் கூப்பிட்டேன், அவன் மனைவியைக் கூப்பிட்டேன், எதிர்வீட்டுக்காரியை ஜன்னல் வழியாகக் கத்திக் கூப்பிட்டேன். “உசுரோட இருக்கா! என் பொண்ணு உசுரோட இருக்கா!” என்று எத்தனை முறை சொன்னேனோ தெரியாது. “எங்கயாவது நல்லா இருப்பான்னு எங்களுக்குத் தெரியுமே” என்றாள் தம்பி மனைவி. அவளுக்கு என்ன தெரியும்! கைத்தடியை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனேன். நேற்று நாற்பது தப்படி. இன்று காலை அதற்கு மேல், எண்ணவில்லை.

கடைசிப் பக்கத்தில் அடித்திருக்கிறாள். அது அவள் குணம்தான். எல்லாரும் முதல் பக்கம் என்றால் அவளுக்குக் கடைசிப் பக்கம். நல்லவேளை, நீ பேடில் மை ஊற்றி வைத்தாய். இல்லாவிட்டால் அவள் வந்தும் வராத மாதிரிப் போயிருக்கும்.

அந்தப் பக்கத்தைக் கிழித்து எனக்கு அனுப்பு. தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்ள வேண்டும். உன்னை இவ்வளவு நாள் விரட்டிக்கொண்டே இருந்தேன். இனி நீ என்னை எப்படி வேண்டுமானாலும் கூப்பிடு.

*

மே 18

பக்கத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். அனுப்பத் தாமதமாகிவிட்டது. ஓரம் கொஞ்சம் நனைந்திருக்கும்.

எழுத வேறொன்றும் இல்லை.

தோட்டக்காரி

*

ஜூன் 1

குருவி வலது பக்கம் பார்க்கிறது.

கவரைப் பிரித்ததும் தெரிந்துவிட்டது. ஆனாலும் நம்பாமல் முதல் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் நாள் அதைக் கண்ணாடி முன்னால் பிடித்துப் பார்த்தேன். கண்ணாடிக்குள் அது என் மகளின் குருவி. கையில் இருந்தது வேறு.

அந்தக் குருவியை அவள் செதுக்கும்போது ஒன்பது வயது. வலது பக்கம் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டு, ரப்பரிலும் வலது பக்கம் பார்க்கவே செதுக்கினாள். அச்சில் எல்லாமே திரும்பி விழும் என்று அவளுக்குத் தெரியாது. தாளில் அது இடது பக்கம் பார்த்ததும் இரண்டு நாள் அழுதாள். “போனாப் போகுது, அது உன்ன விட்டுட்டு ஜன்னலப் பாக்குது” என்று நான் கேலி செய்தேன். அதன் பிறகு அதை மாற்றவே விடவில்லை.

நோட்டிலிருந்த படத்தைப் பார்த்து, பார்த்தபடியே செதுக்கியிருக்கிறாய். ஒன்பது வயதுப் பிள்ளை செய்த அதே தப்பு. அதற்குப் பிறகு அவள் ஒருநாளும் செய்யாத தப்பு.

ஏன் என்று மட்டும் எழுது. மன்னிப்பெல்லாம் வேண்டாம்.

*

ஜூன் 8

பெட்டிக்காரருக்கு,

நான்தான் செய்தேன்.

நோட்டிலிருந்த குருவியை ஒரு தாளில் பார்த்து வரைந்துகொண்டு போய், அழிக்கிற ரப்பரை வாங்கி, வீட்டில் அப்பாவின் சவர பிளேடால் செதுக்கினேன். ஆபீஸ் மேசையிலிருந்த பேடில் தொட்டு, நோட்டின் கடைசிப் பக்கத்தில் அடித்தேன். எந்தப் பக்கம் பார்க்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை. அடித்த பிறகு முதல் பக்கத்தைத் திருப்பிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். திருப்பவில்லை. அதைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

ஏன் என்று கேட்டீர்கள். என் அம்மாவும் இதே பூங்காவில்தான் வேலை செய்தாள். நான் ஒன்பதாவது படிக்கும்போது படுத்துவிட்டாள். பள்ளிக்கூடத்தை விட்டு அவள் வேலைக்கு நான் வந்தேன். அண்ணன் வெளியூரில் இருந்தான், அப்பாவோடு பேச்சுவார்த்தை இல்லை. கடைசி வாரம் முழுக்க அம்மா, “அண்ணன் போன் பண்ணானாடி?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பண்ணவில்லை. ஒருநாள் சாயங்காலம், “பண்ணாம்மா, வெள்ளிக்கெழம வரேன்னான்” என்றேன். அம்மா சிரித்தாள். கஞ்சி வேண்டும் என்று கேட்டுக் குடித்தாள். வியாழக்கிழமை போய்விட்டாள்.

எனக்கு வாயைத் திறந்து பேசவே வராது. அந்த ஒன்றைத்தான் சரியாகப் பேசினேன் என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் சாப்பிடுவதில்லை, நடப்பதில்லை என்று எழுதியதும் அது ஞாபகம் வந்தது.

அந்த ரப்பரை இத்துடன் அனுப்புகிறேன். என்னிடம் இருக்க வேண்டாம்.

நேற்று முதல் ஞாயிறு. நோட்டில் இல்லை. இது உண்மை.

*

ஜூன் 20

தோட்டக்காரிக்கு,

உன் அம்மாவுக்கு வெள்ளிக்கிழமை வரவில்லை. அதனால் அந்தப் பொய் அவளோடு நல்லபடியாகப் போய்விட்டது. எனக்கு வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. அதற்கடுத்த சனிக்கிழமையும் வந்தது. தினமும் ஒரு நாள் வந்துகொண்டே இருக்கிறது.

இந்த வீட்டில் நான் யாரிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வேன்? எதிர்வீட்டுக்காரி பார்க்கும்போதெல்லாம், “பொண்ணு எப்ப வருது?” என்கிறாள். “வருவா, வேல இருக்கு” என்கிறேன். உன் பொய்யை இப்போது நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நடப்பதையும் நிறுத்த முடியவில்லை, நிறுத்தினால் காரணம் கேட்பார்கள். ஆகவே உன் வைத்தியம் பலித்துவிட்டது. சந்தோஷப்பட்டுக்கொள்.

நீ கெட்டவள் இல்லை. கெட்டவளாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். இனி நீ உண்மையே எழுதினாலும் ஒவ்வொரு வரியையும் இரண்டு முறை படிக்க வேண்டியிருக்கும். அதற்கு என்னிடம் தெம்பு இல்லை.

பெட்டியை எடுத்துவிடு. நோட்டைக் கிழித்துப் போடு. குடையை வேண்டுமானால் வைத்துக்கொள். சுவரைப் பூசினால் பூசட்டும். எனக்கு எழுதாதே.

*

ஆகஸ்ட் 3

பெட்டிக்காரருக்கு,

எழுதாதே என்றீர்கள். ஒரே ஒரு கடிதம் எழுதுகிறேன். பெட்டியை நான் எடுக்கவில்லை.

போன மாதம் பதினைந்தாம் தேதி சுவரைப் பூச வந்தார்கள். காலையிலிருந்து நான் அங்கேயே களை எடுத்துக்கொண்டிருந்தேன், எடுக்கக் களையே இல்லை. கொத்தனார் அந்த மூலைக்கு வந்ததும் எழுந்து போய், “அண்ணா, இந்த ஒரு கல்ல மட்டும் விட்டுடுங்க” என்றேன்.

அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். “அட, ஊமச்சிக்குக் கொரல் இருக்கு! மேஸ்திரி, இங்க வாங்க, செவுரு பூச வந்தா அதிசயமெல்லாம் நடக்குது” என்றார்.

“ஒரு கல்ல விட்டா சொத்தப் பல்லு மாதிரி தெரியுமே. யாரு விடச் சொன்னா?” என்றார் மேஸ்திரி.

“நான்தான் சார்.”

“எதுக்கு?”

செங்கலை இழுத்துக் காட்டினேன். “ஒருத்தருக்காக வெச்சிருக்கு சார். அவங்க எப்ப வருவாங்கன்னு தெரியாது. வந்தா இங்கதான் தட்டிப் பாப்பாங்க” என்றேன். ஒரே மூச்சில் அவ்வளவு நான் பேசியதே இல்லை.

அவர் குனிந்து பெட்டியைப் பார்த்தார். தொடவில்லை. “வெடிக்குமா?” என்றார்.

“வெடிக்காது சார்.”

“அப்ப நான் எதையும் பாக்கல” என்று போய்விட்டார். கொத்தனார் அந்தச் செங்கலைச் சுற்றி மூலை பிடித்து, ஜன்னல் மாதிரி அழகாக விட்டுப் பூசினார். இப்போது சுவர் முழுக்கச் சாம்பல் நிறம். அந்தச் செங்கலில் மட்டும் பாசி இருக்கிறது. ஒளித்து வைக்க இனி அது நல்ல இடம் இல்லை. யார் பார்த்தாலும் தெரியும். ஆனால் இடம் மாறவில்லை.

நேற்று முதல் ஞாயிறு. பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

ரப்பர் பேண்ட் இரண்டு சுற்று இருந்தது. ஜூலை ஐந்தாம் தேதி நான் மூன்று சுற்றித்தான் வைத்தேன். மேஸ்திரியைக் கேட்டேன், கொத்தனாரைத் தேடிப் போய்க் கேட்டேன். இரண்டு பேருமே திறக்கவில்லை என்றார்கள். வேறு யாராவது திறந்திருக்கலாம்.

நோட்டில் எதுவும் இல்லை. எல்லாப் பக்கத்தையும் திருப்பிப் பார்த்தேன். வெளிச்சத்தில் பிடித்தும் பார்த்தேன்.

ஸ்டாம்ப் பேடில் மை சுத்தமாகக் காய்ந்திருக்கிறது. நான் அதில் மை ஊற்றவே இல்லை. மார்ச்சில் நீங்கள் சொன்னீர்கள், அடுத்த முறை என்று ஏப்ரலில் எழுதினேன். குருவியை அடிக்க ஆபீஸ் பேடை எடுத்ததால் இதை மறந்தே போனேன். நீங்கள் மை ஊற்றியதற்கு நன்றி சொல்லி எழுதியபோதும் ஊற்றவில்லை, ஊற்றாததைச் சொல்லவும் இல்லை.

மழை ஈரத்தில் அந்தப் பேடின் மேல் வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்திருந்தது. நடுவில் எதையோ அழுத்தி எடுத்தது போல, கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு சதுரத்தில் மட்டும் பூஞ்சை இல்லை. அதற்குப் பக்கத்தில் இன்னொரு சதுரம், அதன் மேலேயே கொஞ்சம் சாய்ந்து மூன்றாவது.

பேடை அப்படியே உங்களுக்கு அனுப்ப நினைத்தேன். விரல் பட்டாலே கலைகிறது. கலையாமல் வந்து சேர்ந்தாலும், அதையும் நான்தான் செய்தேன் என்று நினைப்பீர்கள். நினைப்பது நியாயம்தான். இது இன்னது என்று நான் சொல்லமாட்டேன். இரண்டு முறை படியுங்கள்.

நோட்டில் நேற்றைய தேதியை மட்டும் போட்டேன். அதற்கு நேராக எதுவும் எழுதவில்லை.

இன்று காலை கடை திறக்கும் வரை வாசலில் நின்று மை வாங்கினேன். பூஞ்சையைத் துடைத்தேன். இரண்டு சொட்டு என்று சொல்லியிருந்தீர்கள், பேடு நனையும் வரை ஊற்றினேன். என் கட்டைவிரலை அழுத்திப் பார்த்தேன், தாளில் நன்றாக விழுந்தது. அந்தத் தாளைக் கிழித்து எடுத்துக்கொண்டு, மூன்று சுற்று சுற்றி, பெட்டியை உள்ளே தள்ளி, செங்கலைச் செருகினேன்.